நீல மருந்து சொன்னதும் தேசம்மா சொன்னதும்

சிறுநீரைக் கொதிக்க வைப்பதுதான் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பான வேலை. பச்சைக் குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவருக்கும் இப்போது அந்த வேலை இருக்காது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்தால் சர்க்கரை எவ்வளவு என்று எண் வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் எண் கிடையாது, நிறம்தான். அந்த நிறத்தை நம்பி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தவறு முழுக்க என்னுடையது. அது தவறாகவே முடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். இத்தனை வருஷம் கழித்தும் அவர்களை நினைக்காமல் எனக்கு ஒரு வாரம் போவதில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு பாதி வரை படித்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், என் நைனா அங்கே மணியடிப்பவர். அவர் போனதும் படிப்பும் போனது. ஒரே இடத்தில் உட்காரும் உடம்பு எனக்கு வாய்க்கவில்லை. சித்தூர் வெல்ல மண்டியில் சாக்கு தைத்தேன். காளஹஸ்தியில் சாயத் துணிகளை ஆற்றில் அலசினேன். ரேணிகுண்டாவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பன் ரொட்டிக் கடையில் இரண்டு வருஷம் மாவு பிசைந்தேன். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. முப்பது வயதில் திருப்பதியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். மழைக்காலம் முடிகிற வரை இருக்கலாம் என்றுதான் வந்தேன். அங்கேயே தலை நரைத்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வார்டில் நர்ஸ்கள் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்த, கை நடுங்காத ஆள் யார் என்று பார்த்தார்கள். நான் அகப்பட்டேன். சர்க்கரை நோய் உள்ள தாய்மாருக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை சிறுநீர் எடுத்து, கண்ணாடிக் குழாயில் இருக்கும் நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று ஏற ஏற, சர்க்கரையும் ஏறுகிறது என்று அர்த்தம். நிறத்தைக் கட்டிலில் தொங்கும் அட்டையில் எழுதுவேன். அந்த நிறத்துக்கு எவ்வளவு இன்சுலின் என்று டாக்டர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து சிஸ்டர் ஊசி போடுவார். தரை துடைக்க வந்தவளின் பேச்சில் ஊசி ஏறுகிறது, இறங்குகிறது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான் தொடங்கியது.

தேசம்மா கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. கரும்பு போடுகிற குடும்பம். அவளுக்கு இருபத்து நாலு வயது. பதினேழு வயதிலிருந்து சர்க்கரை நோய், ஊசி. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது, இரண்டாவது பிறந்த அன்று மாலையே போனது. மூன்றாவது எட்டாம் மாதத் தொடக்கத்தில் பனிக்குடம் உடைந்து பிறந்தது, பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. உள்ளே பல்பு எரியும் மரப்பெட்டியில் குழந்தையைப் போட்டு, மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டிருந்தோம். முதல் நாள் தண்ணீர் கலந்த பசும்பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிட்டது. அப்புறம் டாக்டரம்மா சொல்லிவிட்டார், தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று.

டாக்டரம்மா குண்டூர் பக்கத்தவர். தெலுங்கும் தமிழுமாகக் கலந்து பேசுவார். என்னைவிட வயதில் சின்னவர்.

குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது, அதற்கு அந்தச் சக்தியும் வரவில்லை. ஆகவே மூன்று மணிக்கு ஒரு தரம் தேசம்மா கையால் பால் பிழிய வேண்டும். கொதிக்க வைத்த கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்வேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பால் சுரக்க இரண்டொரு நாள் கூடுதலாக ஆகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். முதல் நாலு நாள் வந்ததெல்லாம் சொட்டுகள். கிண்ணத்தின் அடியில் ஒட்டியதை மை ஊற்றும் பில்லரால் உறிஞ்சி எடுத்து அப்படியே குழந்தைக்குக் கொண்டுபோவேன்.

துணைக்கு இருந்தவள் நாத்தனார் குப்பம்மா, தேசம்மா புருஷனுக்கு அக்கா. நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் ஓயாது.

"இந்த நாலு சொட்டுக்கு ஒரு கிண்ணம், அத்தப் புடிக்க ஒரு ஆளு" என்பாள்.

"ஒன் தம்பி மாதிரிதான் அண்ணி. சத்தம் பெருசா கீது, வேல சொட்டு சொட்டாத்தான் நடக்குது" என்பாள் தேசம்மா. பிழிந்து பிழிந்து கட்டை விரல் வீங்கிய நிலையிலும் அவளுக்கு அந்த வாய் இருந்தது.

"அதுவும் சக்கர ஒடம்புப் பாலு. கொயந்தைக்கும் சக்கர ஏறிடப்போவுது."

"நானு கரும்பத் துன்னுட்டு பால் குடுத்தா அதுல கரும்பா வரும்? டாக்டரம்மாவே குடுன்றாங்கோ. நீ கம்முனு இரு."

குப்பம்மா சொன்னதை நம்புகிறவர்கள் வார்டில் இன்னும் இருந்தார்கள். பெரிய டாக்டருக்கேகூட இந்தப் பிழிகிற வேலையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தாய்க்கு ஊசி, சத்துக் குறைவு, இதில் பால் வேறு எதற்கு என்பது அவர் எண்ணம். டாக்டரம்மாவின் பிடிவாதத்தில்தான் அந்தக் கிண்ணம் நின்றுகொண்டிருந்தது.

நாலு நாளும் தேசம்மாவின் நிறம் நீலம். ஒரு தடவை லேசான பச்சை. பிரசவம் ஆனதும் ஊசி அளவையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் குழாயைக் கொதிக்க வைத்தேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஆரஞ்சில் போய் நின்றது. குழாய் சரியாகக் கழுவவில்லையோ என்று வேறொரு குழாயில் செய்தேன். அதே ஆரஞ்சு. அட்டையில் எழுதினேன். சிஸ்டர் அட்டையைப் பார்த்து ஆரஞ்சுக்கு உரிய ஊசியைப் போட்டார்.

"இன்னாம்மா துன்ன?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ரெண்டு இட்லி சிஸ்டர். நீங்க குடுத்ததுதான்."

திருப்பதியில் சர்க்கரை நோயாளிக்கு நிறம் ஏறினால் நாங்கள் முதலில் தேடுவது லட்டைத்தான். பார்க்க வருகிறவர்கள் மலைக்குப் போய்விட்டு வருவார்கள், பிரசாதம் இல்லாமல் வரமாட்டார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. தலையணைக்கு அடியில், மாற்றுச் சேலை மடிப்பில், ஒரு தடவை குழந்தைத் துணிக்குள் என்று எத்தனையோ இடத்திலிருந்து நான் லட்டு எடுத்திருக்கிறேன். முந்தின நாள் குப்பம்மா மலைக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும்.

மத்தியானம் மறுபடியும் ஆரஞ்சு. நான் நேரே கட்டிலுக்குப் போய்ப் பையைக் கேட்டேன். தேசம்மா தானாகவே எடுத்துக் கொடுத்தாள். உள்ளே வாழைச் சருகில் சுற்றிய லட்டு. ஒரு ஓரம் உடைந்திருந்தது.

"இது இன்னாது?"

"அண்ணி கொணாந்தது. கொயந்த பெட்டிய வுட்டு வெளிய வந்தா நெத்தியில தொட்டு வெக்கலாம்னு வெச்சிருக்கேன். நா துன்னலக்கா."

"ஓரம் ஒடஞ்சிருக்குதே."

"அத்த நான்தான் துன்னேன்" என்றாள் குப்பம்மா. "என் வாய்க்கு எவ கணக்குக் கேக்கறது?"

தம்பி பெண்டாட்டிக்காக நாத்தனார் பொய் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவர்கள் இருவரும் பகலெல்லாம் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டும் அப்படித்தான் நினைத்தேன். என் கையில் இருந்த குழாய் ஆரஞ்சாக இருந்தது, அதற்குமேல் எனக்கு யாருடைய சாட்சியும் தேவைப்படவில்லை. லட்டை எடுத்து மருந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

"வேதக்காரி நீ. பெருமாள் பிரசாதத்தத் தொட்டு எடுத்துக்கினு போற. நல்லதில்ல, சொல்லிட்டேன்" என்றாள் குப்பம்மா.

தேசம்மா சண்டைக்கு வரவில்லை. தாழ்ந்த குரலில் வேறொன்று சொன்னாள். "அக்கா, காலைல இருந்து பால் பிழிஞ்சா கை நடுங்குதுக்கா. வேர்த்து ஊத்துது. ஒரு வாட்டி கண்ணுகூட மங்கலா ஆச்சு."

அதற்கு நான் சொன்ன பதிலை இன்றைக்கும் அப்படியே எழுதுகிறேன். "திருடித் துன்னா கை நடுங்கத்தான் செய்யும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிஸ்டரிடம் லட்டு பிடிபட்டது என்றேன். சிஸ்டர் மத்தியான ஊசியையும் ஆரஞ்சு அளவுக்குப் போட்டார். நடுக்கத்தைப் பற்றி நான் சிஸ்டரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை.

மூன்று மணிக்குக் கிண்ணத்தோடு போனேன். என்னிடம் பேசமாட்டாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அன்று காலையிலிருந்து அவளுக்கு மார்பு கல்லாகக் கட்டியிருந்தது, ரவிக்கை நனைந்திருந்தது. விரல் வைத்ததும் பால் பீய்ச்சியது. கோபத்தை மறந்து சிரித்தாள். "பாருக்கா. சொட்டு இல்ல, தாரையா வருது." அரைக் கிண்ணம் நிரம்பியது. இத்தனை நாள் பில்லரில் உறிஞ்சியவளுக்கு அரைக் கிண்ணம் என்பது குளம் மாதிரி. குப்பம்மாகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

கிண்ணத்தை அவளே பிடித்துக்கொள்ளக் கேட்டாள், கொடுத்தேன். அடுத்த நிமிஷம் அது கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. பால் கட்டிலுக்கு அடியில் ஓடியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. "எருமைய அவுத்து வுடுங்கோ, எருமைய அவுத்து வுடுங்கோ" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றி, கழுத்து, கை எல்லாம் குளித்து எழுந்த மாதிரி நனைந்திருந்தது. சிரித்தாள், உடனே அழுதாள்.

"சாமி வந்துட்டுது" என்று குப்பம்மா அலறினாள். "பிரசாதத்தப் புடுங்கினாளே, அதான். பெருமாளே, அவ செஞ்சதுக்கு இவளத் தண்டிக்காத." பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து கைகூப்பினார்கள். ஒருத்தி கற்பூரம் இருக்கிறதா என்று கேட்டாள்.

சிஸ்டர் ஓடி வந்தார். அட்டையைப் பார்த்தார். காலை ஆரஞ்சு, மத்தியானம் ஆரஞ்சு. "சர்க்கரை எகிறிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஊசிக் குழாயில் இன்சுலின் ஏற்ற ஆரம்பித்தார். அவர்மேல் குற்றமில்லை. அட்டை அப்படித்தான் சொன்னது. அட்டையில் எழுதியவள் நான்.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. நான் படித்தவளும் இல்லை. ஆனால் வார்டுக்கு வந்த முதல் நாள் தேசம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொல்லியிருந்தாள். ஏழு வருஷம் ஊசியோடு வாழ்ந்தவள் சொன்னது: "எனக்குச் சக்கர ஏறினா நாக்கு மரக்கட்ட மாதிரி காயும் அக்கா. எறங்கினா வேர்க்கும்." மத்தியானம் அவள் வேர்க்கிறது என்றபோது எனக்கு ஞாபகம் வராத அந்தப் பேச்சு, தரையில் பால் ஓடும்போது வந்தது. நான் அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து நாக்கைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. கை ஐஸாக இருந்தது.

"சிஸ்டர், ஊசி வேணாம்" என்றேன்.

"தள்ளு."

"நாக்கு ஈரமா கீது சிஸ்டர். இது எறக்கம். ஏத்தம் இல்ல."

"ஆரஞ்சுன்னு நீதானே எழுதின?"

"எழுதினது நான்தான். இப்ப வேணாம்னு சொல்றதும் நான்தான். டாக்டரம்மா வர வரைக்கும் ஊசி மட்டும் போடாதீங்கோ."

கட்டிலுக்கும் சிஸ்டருக்கும் நடுவில் நின்றேன். வேலை போய்விடும் என்று தோன்றியது. போனால் போகட்டும், போய்ப் பழக்கப்பட்டவள்தானே நான். சிஸ்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, டாக்டரம்மாவைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். அந்த ஒரு கணத்துக்காக அவருக்கு நான் கடன்பட்டவள். அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போட்டிருக்கலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தது.

குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்து, தேசம்மாவை உட்கார்த்திச் சாய்த்துப் பிடித்து, விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஸ்பூனால் விட்டேன். குப்பம்மா சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டு, யாரும் சொல்லாமலே தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா வந்தார். முதலில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார், பிறகு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி பாதி போவதற்குள் தேசம்மா கண்ணை நேராக வைத்துப் பார்த்தாள்.

"பாலு எங்க?" என்றாள்.

குப்பம்மா அழுதுவிட்டாள்.

ரத்தச் சோதனை முடிவு ஒரு மணி நேரம் கழித்து வந்தது. நான் ஸ்பூனால் கொடுத்த பிறகு எடுத்த ரத்தம், அதிலும் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. அதே நேரத்தில் எடுத்த சிறுநீரைச் சிஸ்டர் முன்னால் கொதிக்க வைத்தேன். ஆரஞ்சு.

டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கி இந்த அம்மா உன்கிட்ட இன்னா இன்னா சொன்னா? நிஜம் செப்பு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டவர்கள் குப்பம்மாவும் தேசம்மாவும் மட்டும்தான். சொன்னேன். பால் பிழிந்தால் நடுங்குகிறது என்று அவள் சொன்னதை, திருடி என்று நான் சொன்னதை, இரண்டையும். டாக்டரம்மா திட்டவில்லை. "மறுபடி சொல்லு. எப்போ நடுக்கம்? பிழியறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"பின்னாலதான் மேடம்."

"எப்போலேர்ந்து?"

"பால் கட்டினதுலேர்ந்து. இன்னிக்கிக் காலைலேர்ந்து."

அவர் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, பாலிலும் ஒரு சர்க்கரை உண்டு, மார்பில் பால் கட்டும்போது அது ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கலாம், நம் நீல மருந்துக்கு எந்தச் சர்க்கரை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்றார். நிறம் லட்டைக் காட்டவில்லை. பால் வந்துவிட்டதைக் காட்டியது. அந்தப் பாலுக்காகத் தாயின் உடம்பு ரத்தச் சர்க்கரையைச் செலவு பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் இரண்டு ஊசி கூடுதலாகப் போட்டிருக்கிறோம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மாலையில் பெரிய டாக்டர் வந்து கேட்டுவிட்டு, "இது ஊகம்தானே? நிறத்தை நம்ப முடியாது என்றால் இந்தப் பெண்ணுக்கு எதை வைத்து ஊசி போடுவது? பாலை நிறுத்துங்கள். மார்பைக் கட்டுங்கள். குழந்தைக்கு மறுபடி பசும்பால் கொடுத்துப் பார்க்கலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தாயையாவது காப்பாற்ற நினைத்தார்.

தேசம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "சார், ரெண்டு பிள்ளைங்கள மண்ணுல வெச்சிட்டேன். அதுங்களுக்கு ஒரு சொட்டு குடுக்க முடியல. இதுக்கு இன்னிக்கித்தான் வந்திருக்குது. கட்டாதீங்கோ சார்."

டாக்டரம்மா ஒரு நாள் அவகாசம் கேட்டார். ஊகம் இல்லை என்று காட்ட ஒரு வழி உண்டாம். ஈஸ்ட் நம் சாதாரணச் சர்க்கரையைத் தின்று நுரைக்கும், பால் சர்க்கரையைத் தொடாது. சிறுநீரில் ஈஸ்டைப் போட்டு வைத்தால் தெரிந்துவிடும். "கானி, ஆனா இங்க ஈஸ்ட் ஏது?" என்றார்.

என் ஊர்சுற்றிய பிழைப்பு யாருக்காவது உபயோகப்பட்டது என்றால் அது அன்றைக்குத்தான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ரேணிகுண்டாவுக்குப் போய் பழைய பன் ரொட்டிக் கடையில் நின்றேன். மேஸ்திரி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, ஆஸ்பத்திரிலேர்ந்தும் ஓடியாந்துட்டியா?"

"இல்ல மேஸ்திரி. கொஞ்சம் ஈஸ்ட்டு குடு. மூத்திரத்துல போடணும்."

அவர் என்னையும் ஈஸ்ட் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "கொயந்தைக்குன்னா எடுத்துக்கினு போ. ஆனா எந்தக் கடையிலேர்ந்து வந்துச்சின்னு மட்டும் வெளிய சொல்லாத" என்றார். இன்றுவரை கடையின் பெயரை நான் சொன்னதில்லை.

இரண்டு புட்டிகள். ஒன்றில் தேசம்மாவின் சிறுநீர். இன்னொன்றில் தண்ணீரில் குளுக்கோஸ் கரைத்தது. இரண்டிலும் ஈஸ்டைப் போட்டு, குழந்தையின் பெட்டிக்கு வெளியே பல்புச் சூடு படும் இடத்தில் வைத்தோம். மத்தியானத்துக்குள் குளுக்கோஸ் புட்டி பன் மாவு மாதிரி நுரைத்துப் பொங்கியது. தேசம்மாவின் புட்டி அசையவில்லை. டாக்டரம்மா பெரிய டாக்டரை அழைத்து வந்தார். அவர் கண் முன்னாலேயே இரண்டையும் நீல மருந்தில் கொதிக்க வைத்தேன். குளுக்கோஸ் புட்டியிலிருந்து எடுத்தது நீலமாகவே நின்றது, ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. தேசம்மாவினுடையது நேற்றுப் போலவே ஆரஞ்சாக மாறியது.

பெரிய டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சரி, பால் தொடரட்டும்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "ஈஸ்ட் எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். ரேணிகுண்டா என்று மட்டும் சொன்னேன்.

ஊசி அளவைக் குறைத்தார்கள். ஒவ்வொரு தடவை பிழிவதற்கு முன்னாலும் தேசம்மா ஏதாவது சாப்பிட வேண்டும், ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழோ இட்லியோ. ஒன்றுவிட்டு ஒரு நாள் ரத்தச் சோதனை. நிறத்தை மட்டும் வைத்து யாரும் ஊசி ஏற்றக் கூடாது. டாக்டரம்மா கட்டில் அட்டையை வாங்கி, ஸ்கேலை வைத்து ஓரத்தில் ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டார். நிறம், ஊசி, அதற்குப் பக்கத்தில் "தாய் சொன்னது". என்னைப் பார்த்து, "நீதான் கேட்டு ராயணும். அவ சொன்ன மாட்டே ராயி, உன் மாட்ட வேணாம்" என்றார். அவள் வார்த்தையை எழுது, உன் வார்த்தையை எழுதாதே. எனக்கு அவர் கொடுத்த தண்டனை அவ்வளவுதான்.

லட்டை அன்றைக்கே எடுத்துக் குப்பம்மாவிடம் கொடுத்தேன். அவள் சருகைப் பிரித்துச் சுற்றிலும் பார்த்தாள். "நீ ஒண்ணும் துன்னலியே?" என்றாள். பிறகு அவளாகவே ஒரு துண்டு பிட்டு என் கையில் வைத்தாள். வாங்கித் தின்றேன்.

தேசம்மாவிடம் பேசுவதற்குத்தான் தைரியம் வரவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் ஒன்னத் திருடின்னு..." என்று ஆரம்பித்தேன்.

"எங்க மாமியாரு சொல்லாததையா நீ சொல்லிட்ட? அத்த வுடு. மூணு மணி ஆவப்போவுது, கிண்ணம் கொதிக்க வெச்சியா?"

அதற்குமேல் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. வேறு எவரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை. மன்னிப்பு கேட்கக்கூட விடாமல் மன்னித்தவர்களை நான் வாழ்க்கையில் இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு நடந்தது எல்லாம் மெதுவான வேலை. குழந்தை மூக்குக் குழாயிலிருந்து பாலாடைச் சங்குக்கு வர மூன்று வாரம் ஆனது. நடுவில் இரண்டு நாள் மூச்சை விட்டு விட்டு இழுத்தது. அப்போதும் தேசம்மா பிழிவதை நிறுத்தவில்லை, குடிக்காத பாலையும் பிழிந்தாள். விட்டால் வற்றிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அட்டையின் அந்தப் புதிய கட்டத்தில் நான் எழுதியவை இன்னும் நினைவிருக்கின்றன. "உள்ளங்கை வேர்க்குது, கூழ் குடுத்தாங்க, சரியாச்சு." "நாக்கு காயுது." "ஒண்ணும் இல்ல, நல்லா கீறேன்." "பயமா கீது." கடைசியாகச் சொன்னதை எழுதலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அது கூடா ராயி" என்றார், அதையும் எழுது என்று. தெலுங்கு டாக்டர்கள் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் தமிழ் தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். ஏழாவது பாதியில் விட்ட என் கையெழுத்தை டாக்டர்கள் நின்று கேட்டுவிட்டு ஊசி அளவை முடிவு செய்தார்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் கருவிகள் எங்கள் நீல மருந்தைவிட நூறு மடங்கு சரியானவை. அவற்றைக் குறை சொல்ல நான் யார். எங்கள் நீல மருந்தும் பொய் சொல்லவில்லை, சர்க்கரை இருக்கிறது என்றது, இருந்தது. அது எந்தச் சர்க்கரை என்று கேட்கும் பொறுப்பு அதைப் பிடித்திருந்த கையினுடையது. எண் ஒன்று சொல்லி, கட்டிலில் இருப்பவள் வேறொன்று சொன்னால், இரண்டில் ஒன்றைப் பொய் என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். அவளைத் திருடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கிடைத்த சிஸ்டரும் டாக்டரம்மாவும் எல்லோருக்கும் கிடைப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நாற்பது நாள் தாண்டியதும் குழந்தை இரண்டு கிலோவைத் தொட்டது. அதற்குச் சில நாள் முன்பே மார்பைக் கவ்வத் தொடங்கியிருந்தது, ஆனால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும். மீதியைக் கிண்ணத்தில்தான் பிழிந்தோம். வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலை நான் கிண்ணத்தோடும் அட்டையோடும் வழக்கம் போலப் போனேன். தேசம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை தூங்கவில்லை. கன்னம் குழி விழ விழ, மூச்சு வாங்கி வாங்கி, விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. குப்பம்மா கூழ் டம்ளரை அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பேனாவைத் திறந்தேன். "இன்னிக்கி இன்னா எழுதட்டும்?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேச நேரமில்லன்னு எழுதுக்கா" என்றாள்.

எழுதினேன்.